ஐம்பதைத் தாண்டி முதல் பைக் வாங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்டையார்பேட்டை, காலடிப்பேட்டை, வியாசர்பாடி என்று எங்கள் வட சென்னைப் பக்கத்தில் ஐம்பது வயதுக்கு மேல் பைக் கற்றுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். இத்தனை வருஷம் பஸ்ஸிலும் மின்சார ரயிலிலும் வேலைக்குப் போய் வந்தவர்கள். பிள்ளைகள் தலையெடுத்து, கையில் கொஞ்சம் காசும் நேரமும் கிடைத்த பிறகு, நாமும் ஒரு வண்டி ஓட்டினால் என்ன என்று வருகிறார்கள். நல்ல விஷயம், தாராளமாக வரட்டும். எனக்கு இருக்கிற ஒரே கவலை, வண்டியைத் தேர்ந்தெடுக்கும் விதத்தைப் பற்றித்தான். இருபது வயதுப் பையன் பார்ப்பதையெல்லாம் இவர்களும் பார்க்கிறார்கள்: சிசி எவ்வளவு, பிக்கப் எப்படி, தெருவில் நிறுத்தினால் எப்படித் தெரியும்.

நான் பார்த்தவரை, இந்த வயதில் புதிதாக ஓட்டுகிறவர் வேகமாகப் போய் விழுவது குறைவு. பயம் இருப்பதால் நிதானமாகத்தான் போகிறார். விழுவதெல்லாம் நிற்கும்போதும், நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதும், வண்டியைத் திருப்பும்போதும், தள்ளும்போதும்தான். அதனால் நிற்கிற வண்டியைத் தன்னால் சமாளிக்க முடியுமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

முதல் வண்டியே புல்லட்

வட சென்னைக்காரர்களுக்கு இதில் தனியாக ஒரு சிக்கல் உண்டு. புல்லட் நம்ம ஊர் வண்டி. என்ஃபீல்டு தொழிற்சாலை 1950-களிலேயே திருவொற்றியூருக்கு வந்துவிட்டது. சின்ன வயதிலிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர், ரிட்டயர்மென்ட் பணம் கைக்கு வந்ததும் நேராகப் போய் ஒரு புல்லட்டையோ அதே கம்பெனியின் கிளாசிக்கையோ புக் செய்துவிடுகிறார். ஆசையில் தப்பே இல்லை. வரிசைதான் தப்பு.

கிளாசிக் 350-இன் எடை 195 கிலோ. ஸ்ப்ளெண்டர் பிளஸ் 112 கிலோ. ஹோண்டா ஷைன் 100 அதற்கும் குறைவு, 99 கிலோதான். ஓடிக்கொண்டிருக்கும்போது இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. இன்னும் சொன்னால், கனமான வண்டி ரோட்டில் அசையாமல் போவதாகவே தோன்றும். ஷோரூமில் ஏமாறுவது இங்கேதான். வண்டி நேராக நிற்கிறவரை எடை முழுவதையும் டயர் தாங்குகிறது. கொஞ்சம் சாய்ந்துவிட்டால் அந்த எடை உங்கள் ஒரு கால் மேலும் ஒரு கை மேலும் இறங்கும். ஒரு அளவு வரைக்கும்தான் பிடிக்க முடியும். அதற்கு மேல் சாய்கிற 195 கிலோவைப் பயில்வானாலும் நிறுத்த முடியாது. நிறுத்தப் பார்த்தால் தோளும் முழங்காலும்தான் போகும்.

காலடிப்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒருவர், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 350 சிசி வண்டி வாங்கினார். ஓட்டுவதில் குறையே சொல்ல முடியாது, கியர் மாற்றுவது அவ்வளவு பதமாக இருக்கும். ஒரு நாள் பெட்ரோல் பங்க்கில் டேங்கை நிரப்பி, பர்ஸைப் பையில் வைத்துவிட்டு, ஹேண்டில்பாரை இடது பக்கம் முழுக்கத் திருப்பி மெதுவாக நகர்ந்தார். முன்னால் ஒரு ஆட்டோ குறுக்கே வந்தது. பதற்றத்தில் முன் பிரேக்கை லேசாகப் பிடித்தார். அவ்வளவுதான், வண்டி இடது பக்கம் அப்படியே படுத்துவிட்டது. ஹேண்டில் திரும்பியிருக்கும்போது, நடக்கிற வேகத்தில் முன் பிரேக்கைப் பிடித்தால் எந்த வண்டியும் உள்பக்கமாகத்தான் சாயும். அவர் ஊன்றிய கால் தரையில் சிந்தியிருந்த டீசலில் வழுக்கியது. லெக் கார்டு இருந்ததால் கால் மாட்டவில்லை. பங்க் பையன்கள் இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்கி நிறுத்தினார்கள். அடி ஒன்றும் இல்லை. ஆனால் அன்றைக்குக் கவர் போட்டு மூடிய வண்டியை அவர் அதற்கப்புறம் எடுக்கவே இல்லை. நூறு கிலோ வண்டியாக இருந்திருந்தால் அதே இடத்தில் பிடித்து நிறுத்தியிருக்கலாம். விழுந்தாலும் அவரே தூக்கி வைத்துவிட்டுக் கிளம்பியிருப்பார். அவருக்குப் போனது பணம் மட்டும் இல்லை, தைரியமும் போய்விட்டது. எனக்கு அதுதான் வருத்தம்.

அதனால் நான் சொல்வது இதுதான். முதல் ஒரு வருஷம் 100 அல்லது 125 சிசி வண்டி ஓட்டுங்கள். செகண்ட் ஹேண்டாக இருந்தாலும் பரவாயில்லை. அதற்குப் பிறகும் புல்லட் ஆசை இருந்தால் வாங்குங்கள். அப்போது அது உங்கள் பேச்சைக் கேட்கும்.

வீட்டுக்குள் எப்படி ஏற்றுவீர்கள்?

இதை யாரும் யோசிப்பதே இல்லை. பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம், கொருக்குப்பேட்டைச் சந்துகளில் ரோட்டை மேலே மேலே போட்டுப் பல வீடுகள் பள்ளத்தில் போய்விட்டன. வேறு சில வீடுகளில் மழைத்தண்ணீர் வராமலிருக்க வாசற்படியை உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். எப்படியிருந்தாலும், தினமும் காலையில் வண்டியை ஒரு சரிவில் தள்ளி ஏற்ற வேண்டும், அல்லது பின்பக்கமாக இறக்க வேண்டும். கேட் அகலம் குறைவு, பக்கத்தில் மோட்டார் பம்ப், எதிரில் பக்கத்து வீட்டு ஸ்கூட்டர். இந்த ஐந்து நிமிஷத்துக்கு வண்டி உங்களுக்குத் தோதாக இருக்க வேண்டும். ரோட்டில் ஓட்டும் நேரத்தைவிட முக்கியமான ஐந்து நிமிஷம் இது.

ஷோரூமுக்குப் போனால் உடனே சாவியைக் கேட்காதீர்கள். இன்ஜினைப் போடாமல் வண்டியைப் பக்கத்தில் நின்றபடி பத்து அடி முன்னால், பத்து அடி பின்னால் தள்ளிப் பாருங்கள். ஒரு அரை வட்டம் திருப்புங்கள். சென்டர் ஸ்டாண்டு போடுங்கள். சென்டர் ஸ்டாண்டு போடுவதற்கு இடுப்புப் பலம் தேவையில்லை. ஸ்டாண்டின் இரண்டு காலும் தரையில் சமமாகப் படுகிறவரை மெதுவாக அழுத்தி, பிறகு உடம்பின் எடை முழுவதையும் வலது காலில் இறக்க வேண்டும். கை சும்மா வழிகாட்டினால் போதும். அப்படிச் செய்தும் வண்டி ஏறவில்லையென்றால், அது உங்களுக்கான வண்டி இல்லை. சேல்ஸ்மேன் "பழகிடும் சார்" என்பார். எடை பழகாது. உங்களுக்கும் வயது ஏறத்தான் போகிறது.

சீட் உயரத்தை மட்டும் பார்ப்பது

கால் எட்ட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் காகிதத்தில் இருக்கும் மில்லிமீட்டரை வைத்து முடிவு செய்துவிடுகிறார்கள். ஸ்ப்ளெண்டருக்கு 785, என்ஃபீல்டின் ஹண்டர் 350-க்கு 790, கிளாசிக்குக்கு 805 என்றால் இரண்டு சென்டிமீட்டர்தானே வித்தியாசம் என்று தோன்றும். சீட்டின் அகலத்தை இந்தக் கணக்கு காட்டாது. அகலமான சீட் தொடையை விரிக்கும், கால் அந்த அளவுக்குக் குறையும். இன்னொன்று, ஷோரூம் தரை சமமாக இருக்கும், நம்ம ரோடு அப்படி இல்லை. தண்ணீர் வடிவதற்காக நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் போட்டிருப்பார்கள். ஓரமாக நிறுத்தி இடது காலை ஊன்றும்போது தரை இன்னும் கீழே போயிருக்கும். ஷோரூமில் நுனிக்கால் எட்டினால் ரோட்டில் எட்டாது என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் போடுகிற செருப்போ ஷூவோ போட்டுக்கொண்டு உட்கார்ந்து, இரண்டு பாதமும் கிட்டத்தட்ட முழுக்கத் தரையில் படுகிறதா என்று பாருங்கள்.

சரி, அப்படியானால் தாழ்ந்த சீட் உள்ள க்ரூஸர் வாங்கலாமா என்று கேட்பார்கள். அவெஞ்சருக்கு 737 மில்லிமீட்டர், மீட்டியர் 350-க்கு 765. கால் நன்றாக எட்டும், உண்மைதான். ஆனால் க்ரூஸரில் காலை முன்னால் நீட்டி உட்கார வேண்டும். ஸ்பீடு பிரேக்கரிலும் பள்ளத்திலும் காலை அழுத்திக் கொஞ்சம் எழுந்துகொள்ள முடியாது, அடி நேராக முதுகெலும்பில் இறங்கும். முதுகுவலிக்காரர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். வண்டி நீளம் என்பதால் சந்தில் திருப்பவும் சிரமம். மீட்டியரின் எடையும் 190 கிலோவுக்கு மேல்.

மகனுடைய ரசனை

பிள்ளைகள் பாசத்தோடுதான் வாங்கித் தருகிறார்கள். ஆனால் பல சமயம் அவர்களுக்குப் பிடித்த வண்டியாக அது இருக்கிறது. ஹேண்டில் தாழ்வாக இருக்கும், முன்னால் குனிந்து உட்கார வேண்டும், பின் சீட் மேலே தூக்கிக்கொண்டிருக்கும். குனிந்தால் உடம்பின் எடை மணிக்கட்டில் இறங்கும். கழுத்தை நிமிர்த்தியே வைத்திருக்க வேண்டும். பின் சீட்டில் அம்மா புடவையோடு ஒரு பக்கமாக உட்கார வழியே இருக்காது. ஒரு பக்கமாக உட்கார்ந்தால் வண்டியின் எடை இடது பக்கம் சாயும் என்பதையும் ஓட்டுகிறவர் மறக்கக் கூடாது. சீட் தட்டையாகவும் அகலமாகவும் இருந்து, கைப்பிடியும் கால் வைக்கிற இடமும் சாரி கார்டும் சரியாக இருந்தால்தான் இரண்டு பேருக்கும் நிம்மதி. டெஸ்ட் ரைடுக்கு வீட்டுக்காரம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். உட்கார்ந்து பார்த்து அவர் வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடலாம்.

டெஸ்ட் ரைடு என்று காலி ரோட்டில் ஒரு நீளப் போக்கு போய் வருவதால் ஒன்றும் தெரியாது. டி.எச். ரோட்டில், அதாவது திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், சாயங்காலம் வண்டி எப்படிப் போகும் என்று நினைத்துப் பாருங்கள். பத்து அடி நகர்வு, நிறுத்தம், மறுபடி பத்து அடி. ஒவ்வொரு நகர்வுக்கும் இடது கை கிளட்ச்சைப் பிடித்து விட வேண்டும். தோள்பட்டை இறுகியவர்களுக்கும், விரல் மரத்துப் போகிறவர்களுக்கும் கிளட்ச் எவ்வளவு மென்மையாக இருக்கிறது என்பது மைலேஜைவிடப் பெரிய விஷயம். வண்டியை நிறுத்திவைத்து கிளட்ச்சை ஐம்பது தடவை பிடித்து விட்டுப் பாருங்கள். கை சொல்லிவிடும். அங்கேயே வலித்தால் கியர் இல்லாத ஸ்கூட்டரே போதும் என்று முடிவு செய்வதில் எந்தக் குறையும் இல்லை.

பிரேக்கும் டயரும்

பணம் மிச்சம் பிடிக்கிற இடம் இதுவல்ல. 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளில் 2019 ஏப்ரலிலிருந்து ஏபிஎஸ் கட்டாயம். 125 வரை உள்ளவற்றில் சிபிஎஸ் இருந்தால் போதும் என்றது அந்த 2019 விதி. சிபிஎஸ் என்றால் பின் பிரேக்கை அழுத்தும்போது முன் பிரேக்கும் கொஞ்சம் சேர்ந்து பிடிக்கும். பதற்றத்தில் காலை மட்டும் அழுத்துகிற புதியவர்களுக்கு இது உதவிதான். ஏபிஎஸ் என்பது, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிகள் போய் வந்து ஓரமெல்லாம் மணல் சேர்ந்திருக்கும். அதில் முன் சக்கரம் பூட்டினால் நேராகக் கீழேதான். கொஞ்சம் கனமாக இருந்தாலும் உங்களுக்குச் சமாளிக்க முடியும் என்றால், 150-160 சிசியில் ஏபிஎஸ் உள்ள வண்டிக்குப் போவதில் நியாயம் இருக்கிறது. கால் எட்ட வேண்டும் என்ற நிபந்தனை அதற்கும் உண்டு.

டியூப்லெஸ் டயராகப் பாருங்கள். லாரி போகிற ரோட்டில் ஆணியும் போல்ட்டும் கிடக்கும். டியூப் டயர் சட்டென்று இறங்கிவிடும், டியூப்லெஸ் பெரும்பாலும் மெல்ல இறங்கும். பஞ்சர் கடை வரை ஓட்டிப் போய்விடலாம்.

அந்த லாரிகளைப் பற்றி ஒரு வார்த்தை. கன்டெய்னர் லாரியின் டிரைவருக்குத் தன் கேபினுக்கு நேர் முன்னாலும், இடது பக்கம் ஒட்டியும் நிற்கிற பைக் தெரியாது. வரிசையில் நிற்கும் இரண்டு லாரிகளுக்கு நடுவில் புகுந்து போகிற பழக்கத்தை ஆரம்பத்திலிருந்தே வைத்துக்கொள்ளாதீர்கள். முதல் சில மாதங்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

பழைய வண்டி என்றால்

கடலோரக் காற்றில் உப்பு. காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் ஓடிய வண்டி பார்க்கப் பளபளவென்று இருக்கும், அடியில் துரு தின்றிருக்கும். சீட்டைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள். சைலன்சர் அடிப்பாகம், ஸ்டாண்டு மாட்டியிருக்கிற இடம், ஸ்போக்ஸ், செயின், டேங்க்கின் உள்பக்கம் இவற்றை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் நம் பக்கத்தில் ஏராளமான வண்டிகள் மூழ்கின. ஒயரிங் இணைப்புகளில் பச்சை பூத்திருந்தாலும், சீட்டுக்கு அடியிலோ ஹெட்லைட் கூட்டுக்குள்ளோ சேறு காய்ந்த கோடு இருந்தாலும் விலை பேசாமல் வந்துவிடுங்கள். உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட அழைத்துப் போவது நல்லது. ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் சேஸிஸ் நம்பரை வண்டியோடு ஒப்பிட்டுப் பார்ப்பதையும் விட்டுவிடாதீர்கள்.

லைசென்ஸ்

கார் லைசென்ஸ் இருக்கிறது, அது போதும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. போதாது. பைக்குக்கு அந்த லைசென்ஸிலேயே தனியாக வகை சேர்க்க வேண்டும். கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் எடுத்த லைசென்ஸும் கியர் பைக்குக்குச் செல்லாது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பார்ப்பது இதைத்தான். எல்.எல்.ஆர். என்கிற பழகுநர் லைசென்ஸ் ஆறு மாதம் செல்லும், அது எடுத்து முப்பது நாள் கழித்துத்தான் டெஸ்ட்டுக்குப் போக முடியும். 55 வயதுக்கு மேல் எடுக்கும் லைசென்ஸ் ஐந்து வருஷத்துக்குத்தான்.

நாற்பதைத் தாண்டியவர்கள் படிவம் 1ஏ-வில் மருத்துவச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். கையெழுத்து வாங்குகிற சடங்காக இதை முடித்துவிடாமல், டாக்டரிடம் பைக் ஓட்டப் போகிறேன் என்று சொல்லிக் கேளுங்கள். பல வருஷமாகச் சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். கியர் விழுந்ததா, பின் பிரேக்கில் எவ்வளவு அழுத்துகிறோம் என்பது காலுக்குத் தெரியாமல் போகும். பிரஷர் மாத்திரை சிலருக்குத் தலைசுற்றலைக் கொடுக்கும். கண்புரை ஆரம்பித்திருந்தால் ராத்திரி எதிர் வண்டியின் வெளிச்சம் பூப்பூவாகச் சிதறும். படிக்கவும் தூரம் பார்க்கவும் ஒரே கண்ணாடி போடுகிறவர்கள், கீழ்ப்பகுதி வழியாக ரோட்டைப் பார்த்தால் பள்ளம் மங்கலாகத் தெரியும் என்பதைக் கண் டாக்டரிடம் சொல்லி, ஓட்டுவதற்கென்று தூரப் பார்வைக் கண்ணாடி தனியாக வாங்கிக்கொள்ளலாம். ஐஎஸ்ஐ முத்திரையுள்ள ஹெல்மெட் வாங்கும்போது அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே மாட்டிப் பாருங்கள். காதோரம் அழுத்தினால் வேறு ஹெல்மெட் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.