டர்பன் வீட்டுத் தோட்டத்தில் முதல் தேனீப் பெட்டி

டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகள் போல வீடுகள் நெருங்கிய இடமானால், பக்கத்து வீட்டாரையும் நகராட்சியையும் கேட்காமல் தொடங்கவே வேண்டாம். இங்குள்ள ஆப்பிரிக்கத் தேனீ சாது அல்ல. ஒன்று கொட்டினால் அந்த வாடைக்கே கூட்டம் திரண்டு வரும். கணுக்கால்வரை மூடும் முழு உடை இல்லாமல் பெட்டியைத் திறக்காதீர்கள். வேளாண்மைத் துறையில் பதிவதும் கட்டாயம்.

கூட்டத்தை விலைக்கு வாங்கத் தேவையில்லை. வசந்தத்தில் அதுவே பிரிந்து வரும். தேனீ அடை கட்டும் மரச்சட்டங்கள் 5 கொண்ட பொறிப்பெட்டியின் (கூட்டத்தை ஈர்த்துப் பிடிக்கும் சிறு பெட்டி) உட்புறம் தேன்மெழுகு தேய்த்து, சட்டங்களின் மேல்விளிம்பில் 2 செ.மீ. தேன்மெழுகுத் தகடு ஒட்டுங்கள். கூட்டத்தைப் பிறகு மாற்றப்போகும் பெரிய பெட்டி நிற்கும் இடத்திலேயே, அதை நிழலில் வையுங்கள். பிறகு இடம் மாற்றினால் மேயப்போன தேனீ பழைய இடத்துக்கே திரும்பும்.

பின்னங்காலில் மஞ்சள் மகரந்த உருண்டையோடு தேனீக்கள் நுழைகின்றனவா? குடியேறிவிட்டன. ஆசைப்பட்டு உடனே கை வைக்காதீர்கள். புது அடை வெண்ணெய்போல் இளசு, சாய்த்தால் ஒடியும். தொந்தரவு பொறுக்காமல் கூட்டமே ஓடிப்போகும். 3 வாரம் கழித்து, அந்தியில், காய்ந்த சாக்குத்துணிப் புகை மெல்லக் காட்டி, லாங்ஸ்ட்ராத் எனப்படும் 10 சட்டப் பெரிய பெட்டிக்கு மாற்றுங்கள். சட்டங்களின் வரிசை மாறக்கூடாது, புழு அடை நடுவில் இருக்கட்டும்.

எறும்பு ஏறாமலிருக்க, பெட்டியின் தாங்குகால்களை எண்ணெய்க் கிண்ணத்தில் நிறுத்தினால் போதும். பக்கத்தில் கூழாங்கல் போட்ட தண்ணீர்த் தட்டும் வையுங்கள்.