அம்மாவின் மறதியைத் தெருவுக்குச் சொன்ன விதம்

"வயசானா மறதி சகஜம்தானே" என்பார்கள். சாவியை வைத்த இடம் தெரியாவிட்டால் மறதி. சாவி எதற்கென்றே தெரியாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள், டிமென்ஷியா என்ற மறதி நோயாக இருக்கலாம்.

அம்மாவுக்கு அதுதான், தனியாக வெளியே கிளம்பிவிடுவார். அதனால் அவர் போட்டோவையும் என் போன் நம்பரையும் பூக்காரம்மா, டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்ட் மூன்று இடத்திலும் கொடுத்தேன். "எங்க போறீங்கன்னு அதட்டாதீங்க. 'வாங்க பாட்டி, காபி குடிச்சிட்டுப் போகலாம்'னு உட்கார வைங்க" என்றேன். அம்மா தேடுவது 40 வருஷத்துக்கு முந்தைய வீட்டை. வாதாடினால் அழுகைதான்.

முதியோர் உதவி எண் 14567. அதையும் எழுதிக் கொடுத்தேன்.

செப்டம்பர் 21, உலக அல்சைமர் நாள். அல்சைமர், டிமென்ஷியாவில் ஒரு வகை. பார்த்துக்கொள்கிறவர்களுக்குச் சால்வை வேண்டாம். இரண்டு மணி நேரம் வந்து உட்காருங்கள். ஒரு வெள்ளிக்கிழமை எதிர்வீட்டு அக்கா அப்படி வந்தார். எட்டு மாதம் கழித்து அன்றுதான் எண்ணெய் தேய்த்துக் குளித்தேன்.