பார்வோ: ஒரு ஊசியை நம்பிக் குட்டியை மண்ணில் விடாதீர்கள்

திருகோணமலையில் யாரிடம் நாய்க்குட்டி எடுத்தாலும் கூடவே ஒரு வசனமும் வரும்: "ஊசி எல்லாம் போட்டாச்சு." ஊசி அட்டையைத் திறந்து பாருங்கள், அநேகமாக ஒரேயொரு ஸ்டிக்கர்தான் ஒட்டியிருக்கும். அந்த ஒன்றை நம்பித்தான் நானும் ஒருமுறை இரண்டு மாதக் குட்டியை உப்புவெளிக் கடற்கரைக்குக் கொண்டுபோனேன். வள்ளத்து நிழலில் தெருநாய்கள் படுத்தெழும்பிய இடமெல்லாம் அது மோந்து மோந்து திரிய, நான் படம் எடுத்துக்கொண்டு நின்றேன். ஐந்தாம் நாள் காலை தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் இருட்டில் போய்ப் படுத்துவிட்டது. பின்னேரம் மஞ்சள் நுரையாக வாந்தி, இரவு இரத்தம் கலந்த பேதி. அந்த நாற்றத்தை ஒருதரம் மணந்தவர்களுக்குப் பிறகு யாரும் சொல்லத் தேவையில்லை, பார்வோ என்று அவர்களே சொல்வார்கள்.

பார்வோ என்பது நாய்களின் குடலைத் தாக்கும் வைரஸ். இந்தக் கிருமி 1978இல்தான் தலைகாட்டியது, இரண்டு வருடத்துக்குள் உலகம் முழுக்கப் பரவியும் விட்டது. இன்று அது எந்தத் தெருவில் இருக்கிறது என்று விசாரிப்பதே வீண்வேலை, நாய் நடமாடும் இடமெல்லாம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நோயுள்ள நாயின் மலத்தோடு, வாந்தி பேதி தொடங்குவதற்கு முன்னமே, கோடிக்கணக்கில் வெளியேறும். மலம் காய்ந்து மண்ணோடு மண்ணாய்ப் போன பின்னும் மாதக் கணக்கில் அப்படியே கிடக்கும். எங்களுக்குத் தொற்றாது, ஆனால் சந்தைக்குப் போய்வந்த செருப்போடு வீட்டுக்குள் வந்துவிடும். அதனால் குட்டி இருக்கும் வீட்டில் செருப்பு படலையடியிலேயே நிற்கட்டும்.

சரி, ஒரு ஊசி ஏன் போதாது? தாயின் சீம்பாலில் குட்டிக்குக் கொஞ்சம் எதிர்ப்புச் சக்தி வந்திருக்கும், அது உடம்பில் இருக்கும்வரை ஊசி மருந்தையும் வேலை செய்ய விடாது. அது எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி வேறு. ஆகவே ஆறு முதல் எட்டுக் கிழமைக்குள் தொடங்கி, மூன்று நான்கு கிழமைக்கு ஒருதரமாக, 16 கிழமை தாண்டும்வரை போட வேண்டும், ஒரு வயதுக்குள் இன்னொன்று. கடைசி ஊசி 16 கிழமைக்கு முன் போட்டதென்றால் கணக்கு முடியவில்லை. இன்னொரு குழப்பமும் இங்கே நிறைய: இலவசமாகப் போடும் விசர்நாய்த் தடுப்பூசி வேறு, இது வேறு. அதைப் போட்டதால் பார்வோ நிற்காது. மிருக வைத்தியரிடம் "பார்வோவும் சேர்ந்த ஊசி" என்று கேட்டே போடுங்கள், டிஸ்டெம்பர் என்ற இன்னொரு கொடிய நாய் நோய்க்கும் அதிலேயே மருந்து இருக்கும்.

அதுவரை குட்டியை வீட்டுக்குள் பூட்டி வைக்கவும் வேண்டாம், பயந்தாங்கொள்ளியாக வளரும். நான் பிறகு வளர்த்ததை சைக்கிள் கூடையில் துவாய் விரித்து வைத்துத்தான் ஊர் காட்டினேன். கோட்டையடி மான்களைக் கண்டதும் கூடையில் இருந்தபடியே அது போட்ட சத்தம்! கால் மட்டும் மண்ணில் படவில்லை.

குட்டி சாப்பாட்டை மணந்துவிட்டுத் திரும்பிப் படுத்தால், அதோடு ஒருதரம் சத்தியும் எடுத்தால், மறுநாள்வரை பார்க்க வேண்டாம், அன்றைக்கே கொண்டுபோங்கள். செவ்விளநீர், ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புத்தூள்) என்று பருக்கிக்கொண்டிருப்பார்கள், எல்லாம் வாந்தியாய்த் திரும்பி வரும், நேரம்தான் போகும். எங்களுடைய நோ மாத்திரைகளைக் கொடுக்கவே கூடாது, குடலில் இரத்தம் இன்னும் கூடும். கிருமியைக் கொல்ல மருந்தில்லை. சேலைன் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, வேறு தொற்று வராமல் அன்டிபயோடிக் கொடுத்துக் குட்டி தானே மீளும்வரை தாங்கிப் பிடிப்பதுதான் வைத்தியம். அதை நேரத்துக்குச் செய்தால் 10இல் எட்டு ஒன்பது தப்பும், செய்யாவிட்டால் அந்தக் கணக்கு அப்படியே தலைகீழ். என்னுடையது மூன்றாம் நாள் போனது, நான் ஒரு முழு நாளைச் செவ்விளநீரில் கழித்திருந்தேன்.

கழுவும்போது டெட்டோலை நம்பாதீர்கள். முதலில் அழுக்கைச் சவர்க்காரம் போட்டு நன்றாகத் தேய்த்தெடுத்துவிட்டு, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். கழிவறை அசிட்டோடு கலந்துவிடாதீர்கள், நச்சுப் புகை வரும். சீமெந்துத் தரைக்கும் பாத்திரத்துக்கும் இது சரி. ஆனால் எங்கள் வளவெல்லாம் மணல்தானே, மணலில் ப்ளீச் எடுபடாது. மலத்தை அள்ளி, மாமர நிழலில் கிடந்த சருகைக் கூட்டி வெயில் படவிட்டேன், ஒரு வாடைக்காலமும் கச்சான் காற்றுக்காலமும் முழுதாகப் போனபின்தான் அடுத்த குட்டியை எடுத்தேன். பொறுக்க முடியாதவர்கள் ஊசியெல்லாம் முடித்த வளர்ந்த நாயாகப் பார்த்து எடுங்கள், அட்டையை வாங்கித் திகதியை எண்ணிப் பார்த்த பிறகு.