ஹைட்ரேஞ்சியா: கோலாலம்பூர் வீட்டுத் தோட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேமரன் மலையிலிருந்தோ சுங்கை பூலோ செடிக்கடைகளிலிருந்தோ பூவோடு வாங்கி வந்த ஹைட்ரேஞ்சியா, அந்தப் பூ உதிர்ந்தபின் வெறும் இலையாக நிற்கும். உடனே பலரும் உரத்தை அள்ளிப் போடுகிறார்கள். இதுவே முதல் தவறு. கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது பெரிய இலை வகை. அது மொட்டுக் கட்ட, பல வாரங்கள் 18 பாகை செல்சியசுக்குக் கீழான குளிர் வேண்டும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள கேமரன் மலையின் இரவுகள் அதைத் தருகின்றன. கோலாலம்பூரின் இரவோ 24 பாகையை ஒட்டியே இருக்கிறது. குளிர் செய்யும் வேலையை உரம் செய்யாது. தழைச்சத்து கூடினால் இலைதான் பெருகும்.

அடுத்தது கத்தரிப்பு. 'அன்னபெல்' போன்ற மென்னிலை ஹைட்ரேஞ்சியாக்களின் தாயகம் அமெரிக்காவின் கிழக்குப் பகுதி. பனிக்காலத்தில் இலையுதிர்த்து உறங்கி, வசந்தத்தில் விடும் புதுத் தளிரில் பூப்பவை அவை. அதனால் அங்குள்ளவர்கள் பனிக்கால முடிவில் துணிந்து வெட்டுகிறார்கள். அவர்கள் அப்படி வெட்டும் காணொளியைப் பார்த்து நம் தொட்டிச் செடியை அடியோடு வெட்டுவது கொடுமை. பெரிய இலை வகை பழைய தண்டில்தான் மொட்டு வைக்கிறது. வாடிய பூவை மட்டும், அதன் கீழுள்ள இலை இணைக்குச் சற்று மேலே நறுக்கினால் போதும்.

அன்னபெல்லை நீலமாக்கப் படிகாரம் கரைத்து ஊற்றுவதும் வீண். அதன் பூ பச்சையாக விரிந்து, வெளுத்து, மீண்டும் பச்சைக்குத் திரும்பும். மண்ணின் புளிப்பு அதை நீலமாக்காது.

தண்ணீரில்தான் அதிகச் செடிகள் சாகின்றன. நண்பகல் வெயிலில் இலை துவண்டதும் குடம் குடமாக ஊற்றாதீர்கள். விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் மாலைவரை பொறுங்கள், இலை தானே நிமிரும். ஈரமண்ணில் மேலும் ஊற்றினால் வேர் அழுகும். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்து நீர் தேங்கவிடவே கூடாது. டெங்கிக் கொசுவுக்கு அந்த நீர் போதும். காலை வெயில் மட்டும் படும் கிழக்குப் பக்க வராந்தாவே தகுந்த இடம். மாலையில் கொட்டும் மழையும் அங்கே நேராக விழாது.

இலையும் மொட்டும் நாய், பூனைகளுக்கு நஞ்சு. அவை எட்டாத உயரத்தில் வையுங்கள்.

என் கருத்தில், சமவெளியில் இதைச் சில வாரப் பூவாக வாங்கி மகிழ்வதே சரி. ஆண்டு முழுவதும் பூப்பந்து வேண்டுவோர் இட்லிப்பூவை நடலாம். நம் வெயிலை அது விரும்பி ஏற்கும்.