தானியேல் 6:17-ல் வரும் 'முத்திரை': அரமேயச் சொல்லைப் பிரித்துப் படிப்பது எப்படி

தானியேலைப் போட்ட சிங்கக் கெபியின் வாசலில் கல்லை வைத்து, தன் மோதிரத்தாலும் பிரபுக்களின் மோதிரங்களாலும் ராஜா முத்திரையிட்டதைச் சொல்லும் இந்த வசனத்தை வேதபாட வகுப்புக்கு எடுப்பவர்கள் பலர் நேரே எபிரேய அகராதியைத் திறந்துவிடுகிறார்கள். ஆனால் தானியேல் 2:4-ன் நடுவிலிருந்து 7:28 வரை மூலமொழி அரமேயம். வேதாகம மூலச்சொற்களுக்கு வரிசையாகக் கொடுத்திருக்கும் ஸ்ட்ராங் எண்களில் எபிரேய 'ஹாதம்' 2856, அரமேய 'ஹதம்' 2857. அடுத்தடுத்த எண்கள் என்பதால் கண் தவறும். 2857 வருவது வேதாகமம் முழுக்க இந்த ஒரே வசனத்தில்தான். மூலப் பதிப்பில் தேடினால் 6:18-ஐப் பாருங்கள். நம் 5:31 அங்கே 6:1 ஆகிவிடுவதால் அந்த அதிகாரம் முழுவதும் ஓர் எண் தள்ளிப்போகும்.

எழுத்துகள் மூன்று: ஹேத், தாவ், மேம். தாவுக்கும், 'தேத்' என்ற இன்னோர் எழுத்துக்கும் நம்மிடம் ஒரே 'த'தான். அதனால் தமிழில் எழுதிவைத்த குறிப்பை நம்பித் தேடாதீர்கள். நடுவில் தேத் வந்தால் அது வேறு வேர். ஏசாயா 48:9-ல் 'அடக்கிக்கொள்வேன்' என்ற பொருளில் வருவது அதுதான்.

வசனத்தில் இருக்கும் வடிவம் 'ஹத்மாஹ்'. 'முத்திரையிட்டான்' என்ற வினையோடு 'அதை' என்ற ஒட்டு சேர்ந்திருக்கிறது. அந்த ஒட்டு பெண்பால். தமிழ் 'அது'வுக்குப் பால் வேறுபாடு இல்லாததால் இந்த விவரம் நம் மொழிபெயர்ப்பில் கரைந்துபோகிறது. கெபியைக் குறிக்கும் 'கோப்' ஆண்பால், கல் பெண்பால். ஆக, முத்திரை விழுந்தது கல்லின்மேல்.

அடுத்த சொல் 'இஸ்கா', முத்திரை மோதிரம். ராஜாவுக்கு ஒருமை, பிரபுக்களுக்குப் பன்மை. எல்லாருடைய மோதிரமும் பதிந்த பிறகு ராஜா இரவில் மனம் மாறித் திறக்க முடியாது. பிரபுக்களும் அவருக்குத் தெரியாமல் கை வைக்க முடியாது. காரணத்தை வசனமே சொல்கிறது: தானியேலைக் குறித்த தீர்மானம் 'லா திஷ்னே', மாறக்கூடாது. மேதியர் பெர்சியர் சட்டம் மாறாதது என்று 6:8-ல் சொல்லும்போதும் இதே 'மாறு' என்ற வேர்தான் வருகிறது. இந்த இணைப்பைக் காட்டாமல் 'முத்திரை'யை மட்டும் விளக்கினால் பாடம் பாதியில் நிற்கும்.

வழக்கமாக நடக்கும் பிழை, 12:4-ல் புத்தகத்தை முத்திரைபோடச் சொல்வதை இங்கே கொண்டுவந்து 'ரகசியம்' என்று பொருள் சொல்வது. அது எபிரேயப் பகுதி. அங்கும் மறைப்பதற்கு 'ஸாதம்' என்று தனிச் சொல் பக்கத்திலேயே இருக்கிறது. கெபியில் யார் இருக்கிறார் என்பது ஊருக்கே தெரியும். மறைக்க என்ன இருக்கிறது?

முத்திரை வேலை செய்யும் விதத்தை வகுப்பில் காட்ட ஒரு தாள், நூல், கொஞ்சம் களிமண் போதும். நைல் நதியின் எலிபண்டைன் தீவில் கிடைத்த கி.மு. 5-ஆம் நூற்றாண்டு அரமேயப் பத்திரங்களைச் சுருட்டி, மடித்து, நூல் கட்டி, முடிச்சின்மேல் ஈரக் களிமண் உருண்டை வைத்து முத்திரை அழுத்தியிருந்தார்கள். நீங்களும் அப்படியே செய்து காயவிடுங்கள். மண் நீர்த்துப்போனால் பதிவு தெளியாது. அதிகம் உலர்ந்திருந்தால் அழுத்தும்போதே வெடிக்கும். காய்ந்த பிறகு மண்ணை உடைக்காமல் அல்லது நூலை அறுக்காமல் பிரிக்க முடியாது. முத்திரை யாரையும் பலவந்தமாகத் தடுப்பதில்லை, தொட்டவனைக் காட்டிக்கொடுக்கிறது.

அரமேயத்தின் கிளையான சீரியத்திலும் இதே வேர்தான். சீரிய வேதாகமமான பெஷித்தாவில் மத்தேயு 27:66-ல் கல்லறைக் கல்லுக்கு முத்திரையிடுவதும், யோவான் 3:33-ல் தேவன் சத்தியமுள்ளவர் என்று உறுதிப்படுத்துவதும் 'ஹ்தம்'. பிந்தையதில் களிமண் இல்லை, சாட்சிக் கையெழுத்து போன்ற பொருள். 'முடித்தல்' என்ற பொருளும் இந்த வேருக்கு உண்டு: கேரளத்துச் சீரோ மலபார் திருச்சபையின் குர்பானா எனும் திருப்பலியில் நிறைவு ஆசி 'ஹுத்தாமா'. தமிழ் முஸ்லிம்கள் குர்ஆனை ஓதி முடிப்பதைக் 'கத்தம்' என்பது இதன் அரபு உறவிலிருந்து வந்தது.

அந்த 'முடித்தல்' பொருளைக் கெபிக்கு ஏற்றாதீர்கள். தானியேல் 9:24-ல் பாவங்களைப் பற்றிய தொடரில் மட்டும் நிதானமாகப் பாருங்கள்: எபிரேய மூலத்தில் எழுதியிருப்பது 'முத்திரையிட', ஓரக்குறிப்பு வாசிக்கச் சொல்வது 'முடிக்க'. அவை இரண்டு தனி வேர்கள். எழுத்தில் ஒன்றுக்கு ஹேத், மற்றதற்கு ஹே; ஹேத்தின் இடக்காலுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவே சின்ன இடைவெளி விழுந்தால் அது ஹே ஆகிவிடும்.