சிமுலேஷனில் செய்முறை நடத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிமுலேஷனை வைத்து இயற்பியல் செய்முறை சொல்லித்தர வரும் புது ஆசிரியர்கள் திரும்பத் திரும்ப ஒரே இடங்களில் சறுக்குகிறார்கள். பலரும் பயன்படுத்தும் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) என்ற சிமுலேஷன் தளத்திலுள்ள தனி ஊசலை வைத்தே சொல்கிறேன்.

நெட்டை நம்பி வகுப்புக்குப் போவது

முந்தின நாளே சிமுலேஷனை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நெட் இல்லாமலும் ஓடும்.

அலைவுக்காலத்தைக் கணினியிடமே கேட்பது

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். அந்தச் சிமுலேஷனில் அலைவுக்காலத்தை, அதாவது ஊசல் ஒருமுறை போய்த் திரும்ப ஆகும் நேரத்தை, தானாக அளக்கும் கருவி ஒன்று உண்டு. 1 மீட்டர் நீளத்துக்குச் சிறிய கோணத்தில் எத்தனை தடவை அளந்தாலும் அதே 2.006 விநாடிதான். பார்க்க அழகாக இருக்கும். அதில் பழகிய மாணவி ஒருத்தி அதே 1 மீட்டர் நீள நிஜ ஊசலில் 20 அலைவுக்கு நேரம் எடுத்தாள். முதலில் 40.1 விநாடி, அடுத்து 39.8. சட்டென்று ரப்பரை எடுத்து இரண்டாவதை அழித்து 40.1 என்று எழுதினாள். மூன்றாவது தடவை ஊசலை ஆட்டவே இல்லை, அதற்கும் 40.1. கேட்டதற்கு, "கம்ப்யூட்டர்ல மாறவே இல்லையே சார்" என்றாள். அவள் ஏமாற்றவில்லை. அளவீடு என்றால் மாறாது என்று நாம்தான் பழக்கியிருக்கிறோம்.

39.8 என்றால் g (புவியீர்ப்பு முடுக்கம்) 9.97 வரும், 40.3 என்றால் 9.72. அரை விநாடிக்கு இவ்வளவு வித்தியாசம். ஏன் 20 அலைவு எண்ணுகிறோம், ஏன் சராசரி எடுக்கிறோம் என்பதெல்லாம் இந்தச் சிதறலைக் கண்ணால் பார்த்தால்தான் புரியும். அதே சிமுலேஷனில் சாதாரண ஸ்டாப்வாட்சும் இருக்கிறது. தானியங்கியை விட்டுவிட்டு அதைக் கொடுங்கள். கையால் அமுக்கும்போது திரையிலும் அளவு சிதறும். அப்புறம் g தெரியாத 'எக்ஸ்' கோளைத் தேர்ந்தெடுத்துக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். விடை முன்பே தெரியாததால் ரப்பருக்கு வேலையில்லை.

நீளத்தைத் திரையில் பார்த்து எழுதுவது

திரையில் எண் தயாராக இருக்கும். நிஜத்தில் நூலோடு குண்டின் ஆரத்தையும் கூட்ட வேண்டும். பாதிப் பேர் மறந்துவிடுகிறார்கள். ஆய்வகத்துக்கு வரும் முன் வெர்னியர் அளவுகோலில் குண்டை அளக்க வையுங்கள்.

எந்தக் கோணத்திலும் ஆட்ட விடுவது

g கண்டுபிடிக்கும் சூத்திரம் (T = 2π√(L/g); T அலைவுக்காலம், L நீளம்) சிறிய கோணத்துக்குத்தான். 60 டிகிரியில் விட்டால் அலைவுக்காலம் ஏழு சதவீதம் கூடிவிடும். தடுக்காதீர்கள், ஆட்டட்டும், ஆனால் அட்டவணையில் கோணத்துக்கும் ஒரு கட்டம் போடச் சொல்லுங்கள்.

வந்ததும் பணித்தாளை நீட்டுவது

வேண்டாம். முதல் ஐந்து நிமிடம் இஷ்டத்துக்கு விளையாடட்டும்.