அஞ்செட்டி மலைக்காட்டின் நிலத்தைப் படிப்பது எப்படி

தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் வழியாக ஒகேனக்கல் வரை கிடக்கும் காட்டைப் புரிந்துகொள்ள ஆசைப்படுபவர்கள் மலைப் பெயர்களை மனப்பாடம் செய்யாதீர்கள், தண்ணீர் போகும் வழியைப் பிடியுங்கள். ஓசூர் மேட்டுநிலம் சுமார் 900 மீட்டர் உயரம், ஒகேனக்கல் 250 மீட்டர் பக்கம்தான். அந்த இறக்கம் முழுவதையும் ஓடைகள் அறுத்துப் போட்டிருக்கின்றன.

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடம் இணையத்திலேயே கிடைக்கிறது. அதில் முதலில் காவிரியை நீலப் பென்சிலால் தீட்டுங்கள், அப்புறம் அதில் விழும் தொட்டஹள்ளா, சின்னாறு, பிறகு அவற்றில் சேரும் சின்ன ஓடைகள். ஒரே உயரத்தில் உள்ள இடங்களைச் சேர்க்கும் கோடுதான் சமஉயரக் கோடு, ஒவ்வொன்றுக்கும் 20 மீட்டர் வித்தியாசம். கோடுகள் ஆற்றின் இரு கரையிலும் நெருக்கி ஒட்டிக்கொண்டு வந்தால் அது செங்குத்துப் பள்ளத்தாக்கு, அங்கே ஒரு கிலோமீட்டர் என்பது சாலைக் கிலோமீட்டர் இல்லை.

ரொம்ப முக்கியமானது இதுதான்: காவிரிப் பள்ளத்தில் வானத்தைப் பார்த்துத் தண்ணீரை முடிவு செய்யக் கூடாது. இங்கே வெயில் காய்ந்துகொண்டிருக்கும், ஆனால் குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை கொட்டி, கிருஷ்ணராஜசாகரும் கபினியும் நிரம்பித் திறந்துவிட்டால் ஆறு ஏறிவிடும், ஒகேனக்கல்லில் பரிசலை நிறுத்திவிடுவார்கள். ஜூலை, ஆகஸ்டில் போவதாக இருந்தால் தமிழக எல்லையில் காவிரி நீரை அளக்கும் இடமான பிலிகுண்டுலுவில் விநாடிக்கு எத்தனை கன அடி வருகிறது என்ற செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

சரி, இனி மாடுகள், தண்ணீரும் தடமும் அவற்றை மேய்த்தவர்களுக்குத்தான் தெரியும். இந்தக் காட்டோரம் வளர்ந்த உழவு மாடுதான் ஆலம்பாடி, அதே பெயருள்ள ஊரிலிருந்து வந்த பெயர். காட்டுக்குள் பட்டி போட்டு மேய்த்த இனம், இன்று எண்ணிக்கை குறைந்து, காரிமங்கலம் பக்கம் இதற்கென்றே ஆராய்ச்சி மையம் நடக்கிறது. கோடை நடுவில் எந்த மடுவில் தண்ணீர் நிற்கும், மந்தை எந்தச் சரிவில் ஏறும் என்பதெல்லாம் வரைபடத்தில் இருக்காது. வயதான பட்டிக்காரர் யாராவது கிடைத்தால் பக்கத்தில் உட்கார்ந்து, “பெரியவரே, மாட்டை எந்த வழியா ஓட்டுவீங்க?” என்று கேட்டு, அவர் சொல்லும் தடத்தை உங்கள் தாளில் வரைந்துகொள்ளுங்கள். என்னைக் கேட்டால் அந்தக் கோடுதான் தாளிலேயே மதிப்பானது.

கடைசியாக எல்லையைக் குறியுங்கள். 2014இல் காவிரி வடக்கு, 2022இல் காவிரி தெற்கு என இரண்டு வனவிலங்குச் சரணாலயங்கள் அறிவிக்கப்பட்டிருக்கின்றன. உள்ளே கால் வைக்க வனத்துறை அனுமதி கட்டாயம் வேண்டும். ஓடைப் படுகைதான் யானைக்கும் வழி, வெயில் காலத்தில் காலையிலும் மாலையிலும் அதில் இறங்காதீர்கள்.